சீம்பாலில் ஒரு பொய் வாசனை

1

"ஆ... ஆ...!"

மூன்றாவது மாடியில் கிளம்பிய அந்த அலறல் படிக்கட்டு வழியாக இறங்கி, கேட்டருகே மண் கோப்பையில் டீ குடித்துக்கொண்டிருந்த வாட்ச்மேனை உதற வைத்தது. பாதி டீ அவன் சட்டையில்.

வியாழக்கிழமை. காலை ஆறு ஐம்பத்தைந்து.

அலறியவள் மாதவி. வயது இருபத்தெட்டு. வங்காளத்தில், பவானிபூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். டாக்குரியா பாலத்தைத் தாண்டி இருக்கும் அந்தப் பால் ஆராய்ச்சிக் கூடத்தில் ஆறு வருடமாக ஆராய்ச்சி மாணவி. சாதாரணமாக அலறுகிற ரகம் இல்லை. கரப்பான் பூச்சியை மீசையைப் பிடித்துத் தூக்கி ஜன்னல் வழியாக விடுகிறவள்.

ஆனால் இன்றைக்கு...

குளிர் அறையின் கதவைத் திறந்ததும் வெள்ளைப் புகை தரையோடு தரையாக வழிந்து வந்து அவள் கணுக்காலைச் சுற்றியது. புகை கொஞ்சம் விலகியது.

ஒரு கால் தெரிந்தது. செருப்பில்லாத கால்.

அப்புறம் வேட்டி. அப்புறம் நரைத்த தலை.

டாக்டர் மஹாதேவன்!

அந்தக் கூடத்தின் புரதப் பிரிவுத் தலைவர். அவளுடைய கைடு. முப்பது வருடமாகப் பாலில் இருக்கும் புரதங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மனிதர். இப்போது குப்புறக் கிடந்தார்.

உள்ளே பாயப் போன மாதவிக்கு மூக்கில் சுருக்கென்று குத்தியது. நின்றாள். அந்தக் குத்தல் என்னவென்று அவளுக்குத் தெரியும். ஒரு நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். ஃபேனைத் திருப்பி உள்ளே வீச வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு போய், அவர் கணுக்காலைப் பற்றி வெளியே இழுத்தாள்.

"சார்... சார்...!"

உடம்பு சில்லிட்டிருந்தது. நாடி இல்லை.

கதவுக்கு வெளியே, சுவரோரமாக, சோப்புக் கட்டி அளவில் ஏதோ ஒன்று வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்ததோடு சரி. வாட்ச்மேனைக் கூப்பிட ஓடினாள்.

பாவம்... அவளை மாட்டிவிடப் போகிற விஷயங்களின் பட்டியலில் அந்தக் கட்டிக்கும் ஒரு இடம் இருந்தது.

2

எட்டரை மணிக்கு லால்பஜார் போலீஸ் தலைமையகத்திலிருந்து ஜீப் வந்தது.

இறங்கியவன் இன்ஸ்பெக்டர் பிரிட்டோ. கொலைப் பிரிவு. அப்பா தூத்துக்குடியிலிருந்து கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்துக்கு வெல்டராக வந்தவர். பிரிட்டோவுக்கு வங்காளம் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் மட்டும் இன்னும் அப்பா ஊர்ப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

"நீங்கதான் மொதல்ல பாத்ததா?"

"ஆமா சார்."

"அழுகைய அப்புறம் வச்சிக்கிடலாம்மா. மொதல்ல சொல்லுங்க, எப்படிச் செத்தாரு?"

"ட்ரை ஐஸ் சார்..."

"அது என்னது?"

"கார்பன் டை ஆக்ஸைடு. உறைஞ்ச கட்டி. தண்ணியா உருகாது... நேரா வாயுவாப் போயிடும். பண்ணையிலேர்ந்து பால் சாம்பிள் கெடாம வர்றதுக்கு அதைப் பெட்டியில போட்டு அனுப்புவாங்க."

"விஷமா?"

"திறந்த இடத்துல ஒண்ணும் பண்ணாது சார். மூடின ரூம்ல கொட்டி வெச்சா ரூம் பூரா அதுதான் நிறைஞ்சிருக்கும். உள்ளே போறவங்களுக்கு ரெண்டு மூச்சு... மூணாவதுல மயக்கம். அப்புறம்..."



பிரிட்டோ குளிர் அறைக்குள் எட்டிப் பார்த்தான். பெஞ்சுக்கு அடியில் மூன்று ஸ்டீல் தட்டுகள். மிச்சமிருந்த வெள்ளைத் துணுக்குகள் கரைந்துகொண்டிருந்தன.

"வழக்கமா அத எங்க வப்பீங்க?"

"வராந்தாவுல. நேத்து மூணு மணிக்கு மூணு பெட்டி வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பாலை ஃப்ரீசர்ல வெச்சிட்டுப் பெட்டிகளை வராந்தாவுலதான் விட்டேன்."

"பெட்டி இப்பவும் வராந்தாலதான் இருக்கு. காலியா! உள்ள இருந்த கட்டியெல்லாம் கால் மொளச்சு குளிர் ரூமுக்கு நடந்து போச்சா?"

"எனக்குத் தெரியாது சார்..."

"கேட்டு ரெஜிஸ்டர் என்ன சொல்லுது தெரியுமா? நேத்து ஒங்க சாரு அஞ்சரைக்குப் போயிட்டாரு, இன்னைக்குக் காலைல ஆறேகாலுக்குத்தான் திரும்ப வந்தாரு. நீங்க போனது ஆறு மணி. கடைசி ஆளு நீங்க. அந்த அரை மணி நேரம் எங்க இருந்தீங்க?"

"கீழ் மாடி. மெஷின் ரூம்ல. நாலரையிலேர்ந்தே அங்கதான்."

"கூட யாரு?"

"யாருமில்ல."

"பிரமாதம்!"

அவள் திடீரென்று நினைவு வந்தவளாகச் சொன்னாள். "சார்... கதவுக்கு வெளியில ஒரு கட்டி கிடந்தது! சுவரோரமா. நான் பார்த்தேன்!"

பிரிட்டோ குனிந்து பார்த்தான். மொசைக் தரை. பளிச்சென்று இருந்தது.

"எங்கன இருக்கு?"

"அது... ஆவியாயிருக்கும்."

"சாட்சி சொல்ல வந்த கட்டியும் எஸ்கேப்பு. ம்!"

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஸார்... நான் ஒண்ணு சொல்லணும்."

மேக்னா. போன வருடம் சேர்ந்த மாணவி. பெயர் வங்காளம், அப்பா அம்மா கும்பகோணம், படிப்பு, சிநேகம், சண்டை எல்லாம் வங்காளம். தமிழ் அவளுக்கு வீட்டுக்குள் மாட்டிக்கொள்ளும் செருப்பு மாதிரி.

"நேத்து... நாலு மணி. சாரோட ரூம்ல கூப்... ரொம்ப சண்டை. சார் கத்தினார். மாதவிதியும் கத்தினா. எங்க எல்லாருக்கும் அவ அக்கா சார், எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு... கீ போல்போ... எப்படிச் சொல்றது..."

"சும்மா சொல்லுங்க."

"வெளியில வரும்போது மாதவிதி சொன்னா, 'நாளைக்குக் காலைல எல்லாம் முடிஞ்சிடும் சார்'ன்னு."



பிரிட்டோ மாதவியைப் பார்த்தான்.

"சொன்னீங்களா?"

"...சொன்னேன்."

"என்னத்துக்குச் சண்டை?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. தலையை மட்டும் இல்லையென்று ஆட்டினாள்.

"சொல்ல மாட்டேன் சார்."

"அப்ப ஜீப்ல ஏறுங்க!"

3

லால்பஜார். பகல் பன்னிரண்டரை.

ஒரு மேஜை. இரண்டு நாற்காலி. ஆறிப்போன டீ.

பிரிட்டோவின் போன் அதற்குள் மூன்று தடவை அடித்துவிட்டது. மூன்று தடவையும் அவன் மேலதிகாரி டி.சி. ஆராய்ச்சிக் கூடத்தின் டைரக்டருக்கு மேலிடத்தில் ஆள் உண்டு. மேலிடம் டி.சி.யை நெருக்க, டி.சி. பிரிட்டோவை நெருக்கினார்.

"நாலு மணி வரைக்கும் டைம் தந்திருக்காரும்மா. அதுக்குள்ள அரெஸ்ட் காட்டணும். கொலைக் கேஸு. உள்ள போனா வெளிய வர எத்தன வருசம் ஆகுமோ. ஒங்க அம்மா கீழ ஒக்காந்திருக்காங்க. காலைலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல."

"அம்மா வந்திருக்காங்களா...?"

பவானிபூரில் அம்மா வசந்தியின் கடைக்குப் போனால் இட்லிப் பொடி, அப்பளம், ஊறுகாய் எல்லாம் கிடைக்கும். புருஷன் போன பிறகு அந்தப் பொடி மணத்திலேயே மகளை இவ்வளவு தூரம் படிக்க வைத்தவள். இன்றைக்குக் கடை திறக்கவில்லை.

"பேசுங்க மாதவி. ஒங்க போனப் பாத்தேன். காலைல அஞ்சு அம்பத்திரண்டுக்கு அவருக்கு மெசேஜ் அனுப்பியிருக்கீங்க." பிரிட்டோ படித்தான். "'சார், ரிப்போர்ட்டை நான் அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமை நல்லபடியாக முடியட்டும். உங்களுக்காக.' அஞ்சு அம்பத்தெட்டுக்கு அவரு படிச்சிருக்காரு. ஆறு ஒண்ணுக்கு ஒங்களக் கூப்பிட்டிருக்காரு. ஆறு நாலுக்கு மறுபடியும். ரெண்டையும் நீங்க எடுக்கல. ஏன்?"

"பஸ் ஸ்டாப்ல நின்னுக்கிட்டிருந்தேன். எடுத்தா அழுதுடுவேன்னு தோணுச்சு. ரெண்டு பஸ்ஸை விட்டேன்... அதான் லேட்."

"என்ன ரிப்போர்ட்டு?"

மாதவி மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டினாள்.

"செத்தவரு பேரக் காப்பாத்த நீங்க கம்பி எண்ணப் போறீங்களா? அவருக்கு இனி பேரு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? கீழ ஒக்காந்திருக்கிற பொம்பளைக்கு நீங்க வேணும்மா!"

மாதவி முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது.

"சொல்றேன் சார். கன்னுக்குட்டி பொறந்த உடனே தட்டுத் தடுமாறி எழுந்து நேரா அம்மா மடியைத் தேடிப் போகும். யாரும் சொல்லிக் கொடுக்கறதில்ல. எப்படிப் போகுது?"

"வாசனையா?"

"ஆமா. அந்த வாசனையைச் சுமக்கற புரதம் ஒண்ணு மாட்டோட முதல் பால்ல, சீம்பால்ல சுரக்குதுன்னு சார் மூணு வருஷம் முன்னாடி கண்டுபிடிச்சார். புது வகைன்னு நினைச்சார். அதுக்கு அவர் பேரையே வெச்சாச்சு. மஹாதேவின்! நாளைக்கு வெள்ளிக்கிழமை, டெல்லியிலேர்ந்து பெரிய மனுஷங்க எல்லாம் வந்து அதை உலகத்துக்கு அறிவிக்கறதா இருந்தது."

"நல்ல விசயம்தான?"

"போன மாசம் அந்த முதல் சாம்பிள் வந்த பண்ணைக்கு நானே போனேன் சார். நதியா ஜில்லா. ஒரு மாடு கன்னு போட்டுது. பால்காரர் செம்பைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி கன்னை அவுத்து விட்டார். அது நாலு முட்டு முட்டிக் குடிச்சது. மடி நல்லா சுரந்தது. அப்புறம் கன்னை இழுத்துக் கட்டிட்டுக் கறந்தார்."

"எல்லாரும் அப்படித்தான கறப்பாக? கன்னு வாய் வைக்காம எந்த மாடு பால் விடும்?"

"அதேதான் சார்! எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அதனால யாருமே நோட்டுல எழுதலை. யாருமே யோசிக்கலை. கன்னு மூக்கால மடி முழுக்கத் தேய்ச்சிருக்கு. எச்சில், மூக்குச் சளி... எல்லாம் கறந்த பால்ல சேர்ந்திருக்கு. வாசனையைச் சுமக்கற அந்த மாதிரிப் புரதம் கன்னோட மூக்குல எக்கச்சக்கமா இருக்கும். அது புதுசே இல்ல."

"நீங்க செக் பண்ணீங்களா?"

"ஆறு மாடு. கன்னை விடாம, மடியை மூணு தடவை கழுவித் துடைச்சிட்டுக் கறக்க வெச்சேன். பாலைப் பிரிச்சு, புரதத்தைத் துண்டு துண்டா வெட்டி மெஷின்ல போட்டேன். மெஷின் ஒவ்வொரு துண்டா எடை போட்டு இது இன்னதுன்னு சொல்லிடும். மஹாதேவின் இல்ல! ஆறுலயும் இல்ல! மறுபடி அதே மாடுங்க, கன்னை விட்டுக் கறந்தோம். வந்துது. கூடவே எச்சில்ல இருக்கற புரதமும் வரிசையா வந்துது."

பிரிட்டோ ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்தான்.

"அப்ப ஒங்க சாரு பேரு வச்ச புரதம்..."

"கன்னுக்குட்டியோட மூக்குச் சளி, சார்."

சிரிப்பு வர வேண்டிய இடம். இரண்டு பேருக்கும் வரவில்லை.

"நேத்து நாலு மணிக்கு இதைச் சொன்னேன். முதல்ல நம்பலை. லிஸ்டைக் காட்டினேன். முகம் வெளிறிடுச்சு. 'வெள்ளிக்கிழமை முடியற வரைக்கும் வாயைத் திறக்காதே'ன்னார். மாட்டேன்னேன். டைரக்டருக்கு ரிப்போர்ட் அனுப்பப் போறேன், காலைல எல்லாம் முடிஞ்சிடும்னு கத்திட்டு வந்தேன். ராத்திரி யோசிச்சேன்... ஆறு வருஷம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவமானப்பட்டுச் செத்துடுவாரோன்னு பயமா இருந்தது. அதான் அந்த மெசேஜ்."

"ஒங்களத் தவிர இது யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. சாருக்கும் எனக்கும்தான்."

பிரிட்டோ நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அப்போதுதான் போன் அடித்தது. டி.சி. இல்லை. பிரேதப் பரிசோதனை டாக்டர்.

"சொல்லுங்க டாக்டர்... மூச்சுத் திணறல்... சரி... என்னது?... ரெண்டு கையிலயுமா?"

போனை வைத்தவன் மாதவியிடம் சொன்னான்.

"ஒங்க கையக் காட்டுங்க."

"சார்?"

"உள்ளங்கை!"

நீட்டினாள். ஒரு கீறல் இல்லை.

"ஒங்க சாரு உள்ளங்கை ரெண்டும் வெந்து கொப்புளிச்சுக் கெடக்காம். நெருப்புச் சூடு இல்ல, குளிரு சுட்டதுங்காரு டாக்டரு. அந்தக் கட்டிய வெறுங்கையால தொட்டா அப்படி ஆகுமோ?"

"ஆகும் சார்! ரெண்டு செகண்டுக்கு மேல பிடிக்க முடியாது. அதுக்குன்னு தடிமனா நீலக் கலர்ல கையுறை இருக்கு. ஒரே ஜோடிதான். வராந்தாக் கதவு பக்கத்துல ஆணியில தொங்கும்."

"இன்னைக்குக் காலைல தொங்கிச்சா?"

மாதவி கண்ணை மூடி யோசித்தாள். வராந்தா. கதவு. சுவர்.

"இல்ல சார்... ஆணி காலி!"

பிரிட்டோ தொப்பியை எடுத்தான். மணி இரண்டே கால்.

"கெளம்புங்க. அவரு வீட்டுக்குப் போவோம்."

4

டாக்குரியாவில் ஏரிக்குப் பக்கத்துத் தெரு. இரண்டாவது மாடி.

கதவைத் திறந்த சுப்புலக்ஷ்மி, இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் நின்ற மாதவியைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"இவளை எதுக்கு இங்க அழைச்சுண்டு வந்தேள்? போகச் சொல்லுங்கோ! ஆறு வருஷமா எங்காத்துல சாப்ட்டுட்டு... பாவி! என் மனுஷனைக் கொன்னுட்டியேடீ!"

"மாமி... நான் எதுவும் பண்ணலை மாமி..."

"வாயைத் திறக்காதே!"

பிரிட்டோ நடுவில் வந்தான். "அம்மா, ரெண்டே கேள்வி. பதில் சொல்லிட்டீங்கன்னா போயிருவேன். காலைல அவரு எத்தன மணிக்கு எந்திரிச்சாரு?"

"எழுந்துக்கறதாவது? தூங்கினாத்தானே! விடிய விடிய ஹால்ல உக்காந்துண்டு கடியாரத்தையே பாத்துண்டிருந்தார். என்னன்னு கேட்டா பதில் இல்லை. விடிகாலம்பற போன்ல ஏதோ வந்தது. படிச்சார். படிச்சுட்டு..."

"படிச்சிட்டு?"

"ஓன்னு அழுதார். முப்பத்தோரு வருஷத்துல அவர் அழுது நான் பார்த்ததில்லை. யாருக்கோ போன் போட்டார். எடுக்கலை. திரும்பப் போட்டார். எடுக்கலை. 'ஐயோ, ஆறரைக்கு வந்துடுவாளே'ன்னார். காபியைக் கலந்து கையில வெச்சுண்டு நான் நிக்கறேன்... செருப்பு கூடப் போட்டுக்காம மாடியிலேர்ந்து இறங்கி ஓடினார்."

"நேத்து சாயங்காலம் ஆபீஸ்லேருந்து கொண்டு வந்த பை எங்க இருக்கு?"

"அதோ, நாற்காலியில. வெச்சது வெச்சபடி இருக்கு."

பழைய தோல் பை. பிரிட்டோ ஜிப்பை இழுத்தான்.

காலி டிபன் டப்பா. குடை. நாளைய விழாவுக்கான பேச்சு, நான்கு பக்கம்.

அதற்கடியில்...

நீலக் கலரில் தடித்த கையுறை! ஒரு ஜோடி!

மாதவி குனிந்து பார்த்தாள்.

"இது... இது எப்படி சாரோட பையில?"

பிரிட்டோ அவளைத் திரும்பிப் பார்த்தான். இந்த மாதிரி நேரங்களில் அவன் குரல் தணிந்துவிடும்.

"அந்தக் குளிர் ரூமுக்குள்ள தெனமும் போறது யாரும்மா?"

"நான்தான். உள்ளே இருக்கற இன்னொரு மெஷின் ராத்திரி பூரா பாலைப் பிரிச்சுச் சொட்டுச் சொட்டாக் குழாய்கள்ல சேர்த்து வெச்சிருக்கும். காலைல ஆறரைக்கு நான் போய் அதையெல்லாம் எடுத்து நம்பர் போடுவேன்."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி நேரம். உள்ளேயே உக்காந்து..."

"கதவு?"

"சாத்திப்பேன். குளிர் போயிடக் கூடாதுன்னு..."

அவள் நிறுத்திவிட்டாள்.

"ஒங்க சாரு அங்க போவாரா?"

"போக மாட்டார். குளிர் ஒத்துக்காது. ரெண்டு வருஷமாச்சு அவர் அங்க நுழைஞ்சு..."

"நேத்து சாயங்காலம் நீங்க கீழ மெஷின் ரூம்ல இருந்தப்ப அவரு கையுறை மாட்டிக்கிட்டு, நிதானமா, மூணு பெட்டிக் கட்டியையும் பெஞ்சுக்கடியில கொட்டிட்டு, கதவச் சாத்திட்டு, அஞ்சரைக்கு ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டாரு. பதட்டத்துல கையுறையும் பையில வந்துட்டு. கட்டிக்குக் கையெழுத்துப் போட்டது நீங்க. கடைசியாப் போனதும் நீங்க. தெரியாம உள்ள வச்சிட்டா, அவளே மாட்டிக்கிட்டா, பாவம் பிள்ளைன்னு ஊரு சொல்லும். அந்தப் புரதம் பொய்யின்னு நீங்க எழுதுன ரிப்போர்ட்டும் ஒங்களோட போயிரும்."

"சார்...!"

"அந்த அறை ஒங்களுக்காக வச்சதும்மா."



"பொய்!" சுப்புலக்ஷ்மி கூவினாள். "அவர் எறும்பைக் கூட மிதிக்க மாட்டார்! அப்படிப்பட்டவர் இல்லை!"

"எனக்கும் அப்படித்தாம்மா தோணுது. ராத்திரி பூரா அவரால தூங்க முடியல பாத்தீங்களா? காலைல இந்தப் பிள்ளையோட மெசேஜ் வந்துது. 'அனுப்பல, உங்களுக்காக'ன்னு. படிச்சிட்டு அழுதாரு. போன் போட்டாரு, எடுக்கல. வாட்ச்மேன்கிட்ட சொன்னா எல்லாம் வெளிய வந்துரும். அதான் அவரே ஓடினாரு. கையுறை இங்க பையில கெடக்கு, நெனப்பே இல்ல. வெறுங்கையால வாரினாரு. ஒரு கட்டியக் கொண்டாந்து வெளிய போட்டாரு. இவங்க பாத்த கட்டி அதுதான். ரெண்டாவது கட்டி எடுக்க மறுபடி உள்ள போனாரு. கதவு தானாச் சாத்திக்கிடுச்சு..."

மாதவி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சுப்புலக்ஷ்மி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தள்ளாடிப் போய் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். திட்டிய வாய் இப்போது கெஞ்சியது.

"மாதவி... அவர் உனக்குப் பண்ணினதுக்கு நான் மன்னிப்புக் கேக்கக் கூட லாயக்கில்லை. ஆனா அந்த ரிப்போர்ட்... அவர்தான் போயிட்டாரே. நாளைக்கு விழாவுல அவர் பேரைச் சொல்லப் போறாடீ. அந்தப் பேரை மட்டும் விட்டு வையேன்!"

மாதவி மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

5

தெருவில் ஜீப் அருகே நின்றார்கள். மணி மூன்றரை. பாலத்துக்கு அடியில் சியால்டா லோக்கல் ரயில் ஒன்று தடதடத்துப் போனது.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"நான் அந்த மெசேஜை அனுப்பாம இருந்திருந்தா?"

"வழக்கம்போல ஆறரைக்கு உள்ள போயிருப்பீங்க. இந்நேரம் அவரு ஒங்க அம்மாவுக்கு ஆறுதல் சொல்லிக்கிட்டு இருந்திருப்பாரு."



"அவர் மனசு மாறி என்னைக் காப்பாத்த ஓடி வந்தாரா சார்? இல்ல... ரிப்போர்ட் போகாதுன்னு தெரிஞ்சதும், இனிமே இவளைக் கொல்ல வேண்டியதில்லைன்னு ஓடி வந்தாரா?"

எத்தனையோ கேஸ் பார்த்த பிரிட்டோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"தெரியலம்மா. சத்தியமாத் தெரியல. அவருக்கே தெரிஞ்சிருக்குமோ என்னமோ."

"எனக்குத் தெரிஞ்சாகணும் சார்! ஆறு வருஷம்... தினமும் என் சாம்பிள் நோட்டைப் பார்த்து 'குட்'னு எழுதுவார். அந்தக் கையாலதான் நேத்து..."

அழுதாள். நடுத்தெருவில், வாய்விட்டு, சின்னக் குழந்தை மாதிரி அழுதாள். எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு வங்காளி மாஷிமா எட்டிப் பார்த்து, "கீ ஹோயேச்சே?" என்று கேட்டாள். என்ன ஆச்சு என்று அவளுக்கு யார் சொல்வது? பிரிட்டோ கையை அசைத்து உள்ளே போகச் சொன்னான்.

அழுகை ஓய்ந்ததும் மாதவி கேட்டாள்.

"என் போனைத் தருவீங்களா சார்?"

கொடுத்தான்.

அவள் ரிப்போர்ட்டைத் திறந்தாள். பதினெட்டுப் பக்கம். ஆறு மாடுகள், இரண்டு முறை கறந்தது, எல்லாம் இருந்தது. கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். 'இது டாக்டர் மஹாதேவன் அறிந்து செய்த பிழை அன்று. கறவையின்போது கன்று விடப்பட்டது குறிப்பேட்டில் பதிவாகவில்லை.' அது உண்மை. அந்தப் பிழை மட்டும் அவர் அறியாமல் செய்தது.

மேலே நிமிர்ந்து இரண்டாவது மாடி ஜன்னலைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு சுப்புலக்ஷ்மி நின்றிருந்தாள்.

மாதவியின் விரல் நின்றது.

"மாமி முகத்தைப் பார்த்தா முடியலை சார்..."

"அப்பப் பாக்காதீங்க. நான் சொல்லக் கூடாது, ஆனா சொல்லுதேன். நேத்து ராத்திரி நீங்க பாவம் பாத்து வாய மூடுனீங்க. அது எங்க கொண்டு போயி விட்டுதுன்னு பாத்தாச்சு. நாளைக்கு அந்தப் பேரை நம்பி எத்தன பேரு எத்தன வருசம் ஒழைக்கப் போறாங்களோ?"

அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

அனுப்பினாள்.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் கை ஐஸாக இருந்தது. ஜெயித்த மாதிரி அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. உயிரோடு இருப்பதற்கே கூச்சப்படுகிறவள் போல நின்றாள்.

"ஜீப்ல ஏறுங்க. அம்மாகிட்டக் கொண்டுபோயி விட்டுருதேன். பின்னாடி இல்ல, முன்னாடி ஏறுங்க. பின் சீட்டு குத்தவாளிக்கு."

ஏறினாள். பிரிட்டோ சாவியைத் திருகினான். அதே நேரம் அவன் பாக்கெட்டில் போன் அலறியது.

டி.சி!

"பிரிட்டோ! மணி நாலாகப் போகுது! மேலேயிருந்து என்னை வறுத்து எடுக்கறாங்க! கொலை பண்ணின ஆள் மாட்டினானா இல்லையா?" வங்காளத்தில் வெடித்தார் டி.சி.

"மாட்டியாச்சு சார்."

"சபாஷ்! எங்கே வெச்சிருக்கே? தப்பிச்சு ஓடிடப் போறான், காவல் போட்டியா?"

பிரிட்டோ கியரைப் போட்டான்.

"காவலே வேண்டாம் சார். மார்ச்சுவரில நாலாம் நம்பர் டிராயர்ல படுத்திருக்காரு. ஜாமீனும் கேக்கல... வக்கீலும் வேண்டாம்னுட்டாரு!"